கைவைத்தலும் கற்பித்தலும்: தமிழ் மண்ணில் திடப்படுத்தல் கடந்து வந்த வழி

விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையத்திற்கு அருகே தளவாய்புரத்தை ஒட்டி அமைந்துள்ள செட்டியார்பட்டி முதலிய ஊர்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களிலும், நம் சபையாருக்குப் பழக்கமான சொல் ‘திடப்படுத்தல்’ என்பது. அதே வட்டாரத்துக் கத்தோலிக்க நண்பர் இதற்கு நேரான தம் திருச்சபையின் அருட்சாதனத்தை ‘உறுதிபூசுதல்’ என்பார். இரு சொற்களும் ஒரே மூலச் சொல்லின் மொழிபெயர்ப்புகளே. ஆயினும் இரண்டும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. ‘உறுதிபூசுதல்’ என்னும் சொல்லுக்குள் பூசுதல் இருக்கிறது. எண்ணெயும் நெற்றியும் இருக்கின்றன. பூசுகின்ற ஆயரின் விரலும் இருக்கிறது. ‘திடப்படுத்தல்’ என்னும் சொல்லோ, அப்போஸ்தலர் நடபடிகள் 14:22, 15:41 ஆகிய வசனங்களில் தமிழ் வேதாகமம் வழங்கும் வினைச்சொல்லோடு ஒட்டியது. பவுலும் அவருடன் சென்றவர்களும் தாங்கள் நிறுவிய சபைகளுக்குத் திரும்பிச் சென்று, சீஷரைப் போதித்து நிலைநிறுத்திய செயலையே அவ்வினைச்சொல் குறிக்கின்றது. அங்கே எண்ணெய் இல்லை; பயணமும் போதனையும் உண்டு.

ஒரு சொல் சடங்கை நோக்குகிறது. மற்றது போதனையை நோக்குகிறது. இவ்விரண்டில் எது திருச்சபையைத் தாங்கி நிறுத்தியது என்னும் வினாவைத் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றினிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வினா வெறும் ஆராய்ச்சி வினாவன்று. பேராயர் வரும் நாள் குறிக்கப்பட்ட பின்னரே திடப்படுத்தல் வகுப்பு தொடங்கப்படும் சேகரங்கள் இன்று பலவாதலின், அது நம் ஊழியத்தைத் தொடும் வினாவுமாகும்.

1. ஒரே ஒழுங்கு இரண்டாகப் பிரிந்த வரலாறு

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம், கைவைத்தல் அல்லது தைலம் பூசுதல், நற்கருணை ஆகிய மூன்றும் ஒரே இரவில், ஒரே ஆராதனையில், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. கீழைத் திருச்சபைகள் இன்றளவும் இவ்வொழுங்கைக் கைவிடவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் குருவானவரே அப்போதே தைலம் பூசுகிறார்; நற்கருணையும் அளிக்கிறார். மேலைத் திருச்சபையில் மட்டும் இவ்வொழுங்கு பிரிந்தது. சபைகள் நகர்களைக் கடந்து நாட்டுப்புறங்களில் பெருகியபோது, ஒவ்வொரு ஞானஸ்நானத்திற்கும் அத்தியட்சர் வருதல் இயலாதாயிற்று. குருவானவர் ஞானஸ்நானம் கொடுக்கலாம்; கைவைத்தலோ அத்தியட்சரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டும் என்னும் வழக்கம் வேரூன்றியது. இங்ஙனம் தனியே நின்ற செயலுக்குப் பின்னரே தனி விளக்கம் தேடப்பட்டது. விசுவாசப் போருக்கு வேண்டிய வல்லமையை அது அளிக்கின்றது என்னும் விளக்கம் ஐந்தாம் நூற்றாண்டில் கால் மாகாணத்தில் எழுந்து, இடைக்காலத்தில் நிலைபெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்டு வகுத்த ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. 1439ஆம் ஆண்டு புளோரன்சுச் சங்கம் அதனை உறுதி செய்தது.

ஆக, அத்தியட்சரின் தொலைவே இச்சடங்கைத் தனியாக்கிற்று என்பது நினைவில் இருத்தற்குரியது. அத்தொலைவினால் விளைந்த இன்னொரு விதியும் உண்டு. பலர் திடப்படுத்தலைப் பொருட்படுத்தாது விட்டமையால், 1281ஆம் ஆண்டு கான்றர்பரிப் பேராயர் பெக்காம், திடப்படுத்தப்படாதவரை நற்கருணையில் ஏற்கலாகாது என இங்கிலாந்தில் ஆணை பிறப்பித்தார். அலட்சியத்தைக் கண்டிக்க எழுந்த இந்த ஒழுக்க விதி 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்றது. 1662ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, திடப்படுத்தப்பட்டவர் மட்டுமன்றி, அதற்கு ஆயத்தமாயும் விருப்பமாயும் இருப்பவரும் நற்கருணை பெறலாம் என்னும் கருத்து சேர்க்கப்பட்டது. கடல் கடந்து, அத்தியட்சர் இல்லாத நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலிக்கருக்கு இச்சிறு சலுகையே பெருங்கதவாயிற்று.

லூத்தர் 1520ஆம் ஆண்டிலேயே திடப்படுத்தல் ஓர் அருட்சாதனம் என்பதை மறுத்தார். வேதத்தில் அதற்குக் கட்டளையும் வாக்குத்தத்தமும் இல்லை என்பது அவர் கருத்து. ஆயினும் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட வேண்டும் என்னும் தேவை மறையவில்லை. மார்ட்டின் பூசர் வகுத்து 1539ஆம் ஆண்டு ஹெஸ்ஸே நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒழுங்கில், ஞானோபதேசம் கற்ற சிறுவர் சபைமுன் வினவப்பட்டு, போதகரின் கைவைத்தலுடன் நற்கருணைக்கு ஏற்கப்பட்டனர். பின்னர் ஸ்பேனரும் பக்திநெறி இயக்கத்தாரும் இதனை உள்ளத்தின் தனிப்பட்ட உடன்படிக்கையாக வலியுறுத்தினர். அதே காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை, 1547ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் திரெந்துச் சங்கத்தின் ஏழாம் அமர்வில், இது மெய்யான அருட்சாதனமே என்றும், இதன் வழக்கமான பணியாளர் ஆயரே என்றும் வரையறுத்தது. இவ்விரு நெறிகளும் தனித்தனிக் கப்பல்களில் தமிழகம் வந்து சேர்ந்தன.

2. முத்துக்குளித்துறையும் மதுரை மிஷனும்

1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறையின் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். 1542ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தபோது அவர் கண்ட குறை, திருமுழுக்குப் பெற்றோர்க்குக் கற்பிப்பார் இல்லை என்பதே. அன்று ஆயர் கோவாவில் இருந்தார். கொச்சி தனி மறைமாவட்டமானது மேலும் பல ஆண்டுகள் சென்ற பின்னரே. சவேரியார் செய்தது யாது? விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, அவர்கள் மனப்பாடமாய்ச் சொல்லும்வரை கற்பித்தார். ஒவ்வோர் ஊரிலும் கற்பிக்க ஒருவரை அமர்த்திச் சென்றார். அவருக்குப்பின் வந்த அந்திரிக் அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகிய இரண்டும் ஞானோபதேச நூல்களே. தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்க நூல்கள் ஆயத்தப்படுத்தும் நூல்களாய் அமைந்தமை எண்ணத்தக்கது.

கைவைத்தல் ஆட்சியின் அடையாளமாக வந்தபோது நேர்ந்ததைக் கேரளம் காட்டிற்று. 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர்ச் சங்கத்தை நடத்திய கோவாப் பேராயர் மெனேசிஸ், தோமாக் கிறிஸ்தவரின் கோயில்கள்தோறும் சென்று இலத்தீன் முறைப்படி உறுதிபூசுதல் வழங்கினார். கீழை முறையைப் பின்பற்றி வந்த அம்மக்களுக்குத் தனியான இச்சடங்கு புதுமையாய் இருந்தது. நெற்றியில் அடையாளமிட்டுக் கன்னத்தில் தட்டுவதைச் சிலர், தங்களைப் போர்த்துக்கீசருக்கு அடிமைகளாக்கும் குறி என ஐயுற்று எதிர்த்தனர். கற்பித்து ஆயத்தப்படுத்தாத இடத்தில், ஆவியானவரின் முத்திரையும் அடிமையின் முத்திரையாகத் தோன்றக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் நொபிலி தொடங்கிய மிஷனிலும் ஆயர்கள் தொலைவிலேயே இருந்தனர். போர்களும் நாடுகளின் எல்லைகளும் அவர்கள் வருகையைத் தடுத்தன. உள்நாட்டுச் சபைகளைத் தாங்கியவர் உபதேசியாரே. அவர்களுக்காக வீரமாமுனிவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூல், உபதேசியாரின் தகுதியையும் கடமையையும் பக்தியையும் எடுத்துரைப்பது. தமிழ் உரைநடையின் சிறந்த எடுத்துக்காட்டாகவும் அது போற்றப்படுகிறது. 1773ஆம் ஆண்டு இயேசு சபை கலைக்கப்பட்ட பின்னர், குருக்களே அரிதாயிருந்த பல்லாண்டுகளில் அச்சபைகள் சிதையாதிருந்தமைக்கு இவ்வுபதேசியார் முக்கிய காரணர். 1847ஆம் ஆண்டு கனோஸ் அடிகளார் மதுரை மிஷனின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின்னரே, ஆயரின் வருகை இப்பகுதிக் கத்தோலிக்கருக்கு ஒழுங்கான நிகழ்ச்சியாகத் தொடங்கிற்று.

3. அத்தியட்சர் இல்லாத ஒரு நூற்றாண்டு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் ஹாலே பக்திநெறியில் பயின்ற லூத்தரர். சீகன்பால்கு லூத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். முதல் ஞானஸ்நானம் 1707ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. ஞானஸ்நானத்திற்கு முன்னும் நற்கருணைக்கு முன்னும் வினாவிடை முறையில் நெடிய போதனை உண்டு. அம்முறையில் ஆயத்தப்படுத்துவோரும் ஏற்றுக்கொள்வோரும் போதகர்களும் உபதேசியார்களுமே; அத்தியட்சர் என்பார் அங்கு இல்லை. மிஷனின் தாய்நாடாகிய டென்மார்க்கு, திடப்படுத்தலைச் சட்டத்தால் கட்டாயமாக்கியதும் 1736ஆம் ஆண்டிலேயே. அங்கும் அதை நிறைவேற்றியவர் போதகரே. 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அருட்பொழிவு பெற்ற ஆரோன், முதல் தமிழ்ப் போதகராக இப்பணியை ஏற்றார். 1790ஆம் ஆண்டு அருட்பொழிவு பெற்ற சத்தியநாதன் பாளையங்கோட்டைச் சபையை மேய்த்தார்.

கல்கத்தாவில் முதல் ஆங்கிலிக்க அத்தியட்சராக மிடில்டன் நியமிக்கப்பட்டது 1814ஆம் ஆண்டிலாகும். அதாவது, தமிழ்ச் சீர்திருத்தச் சபை தன் வாழ்வின் முதல் 108 ஆண்டுகளை இந்திய மண்ணில் ஓர் ஆங்கிலிக்க அத்தியட்சரும் இல்லாமலே கழித்தது. வேதாகமம் மொழிபெயர்க்கப்பட்டதும், தமிழ்ப் போதகர்கள் எழுந்ததும், தஞ்சை, திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டைச் சபைகள் உருவானதும் இக்காலத்திலேதான். அத்தியட்சரின் கைவைத்தலைப் பெறாத அச்சபைகளில் தூய ஆவியானவர் செயலாற்றவில்லை என்று கூற எவரும் துணியார்.

4. 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் காலை

இந்நெடிய ஆயத்தத்தின் மேல் கைவைத்தல் வந்து அமர்ந்த காட்சியைத் திருச்சிராப்பள்ளியில் காண்கிறோம். கல்கத்தாவின் இரண்டாம் அத்தியட்சராகிய ரெஜினால்டு ஹீபர் 1826ஆம் ஆண்டு தென்னாட்டிற்கு வந்தார். மார்ச்சு 26ஆம் நாள் உயிர்த்தெழுந்த திருநாளைத் தஞ்சையில் கொண்டாடி, அடுத்த நாள் தமிழரும் ஐரோப்பியருமாகிய பலரைத் திடப்படுத்தினார். அவர்முன் நின்ற தமிழரை ஆயத்தப்படுத்தியவர் கோலாப் ஐயரும் அவருடைய உபதேசியார்களும். சுவார்ட்ஸ் ஐயரின் வழிவந்த லூத்தர மரபினர். லூத்தரர் கற்பித்தவரை ஆங்கிலிக்க அத்தியட்சர் திடப்படுத்தினார். அவர்களது ஞானஸ்நானத்தையோ போதனையையோ அவர் ஐயுறவில்லை. ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே உச்சரிக்கவும் அவர் கற்றிருந்தார்.

பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று, ஏப்ரல் 3ஆம் நாள் திங்கட்கிழமை அதிகாலையில், கோட்டையில் சுவார்ட்ஸ் எழுப்பிய ஆலயத்தில் தமிழ்ச் சபையாருள் சிலரைத் திடப்படுத்தினார். ஆராதனை முடிந்து தங்குமிடம் திரும்பி நீராடச் சென்றவர் அந்நீரிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. அவர் திருச்சிராப்பள்ளித் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உலகின் மிகப் பரந்த அத்தியட்சாதீனங்களுள் ஒன்றுக்குத் தலைவராயிருந்தவரின் கடைசி ஊழியம் ஒரு சில தமிழ்க் கிறிஸ்தவர் தலைமேல் கைவைத்து ஜெபித்ததே. ஆனால் இந்நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அத்தியட்சர் அங்கிருந்தது ஒரு காலைப்பொழுது. அவர்களைக் கற்பித்தவர்கள் அதற்கு முன்னும் பின்னும் அங்கேயே இருந்தவர்கள்.

5. ஒரே பாத்திரம்

ஆயத்தம் என்பது மனப்பாடத்தின் அளவு மட்டும்தானா என்னும் வினா விரைவில் கடுமையாக எழுந்தது. திடப்படுத்தல் நற்கருணைக்கு வாயிலாக அமைந்தமையால், வாயிலைக் கடந்தவர் எவரோடு பந்தியில் சேர்கிறார் என்பது மறைக்கவியலாததாயிற்று. பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகளும், நற்கருணையில் முன்பின் வரிசைகளும் வழக்கிலிருந்தன. 1833ஆம் ஆண்டு கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். 1835ஆம் ஆண்டு தொடக்கத்தில் தாமே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தார். இதனை ஏற்காது தஞ்சைச் சபையினின்று பெருந்தொகையினர் விலகினர். பிற்காலத்தில் மிஷனெரிமார் சமபந்தியையே சோதனையாக வைத்தபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது.

இவ்வரலாற்றில் இரு தரப்பிலும் குறைகள் உண்டு. அதிகாரத்தால் மனமாற்றத்தை விளைவிக்க முயன்றமை ஒரு குறை. ஆனால் மற்றொன்றை நாம் மறுக்கலாகாது. விசுவாசப் பிரமாணத்தைப் பிழையின்றிச் சொல்லக் கற்றவர் பலர், அதன் பொருளை அயலான் பக்கத்தில் முழங்காற்படியிடும் நேரத்தில் மறுத்தனர். கற்பித்தவர்கள் சொற்களைக் கற்பித்தனர், பந்தியைக் கற்பிக்கவில்லை. ஆயத்தத்தை வலியுறுத்தும் எவரும் தம் ஆயத்தம் எவ்வளவு ஆழமானது என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதே தஞ்சை நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

6. வட திருநெல்வேலியின் கூடாரங்கள்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 1910ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆகவே மிஷன் வரலாற்றில் இப்பகுதி ‘வட திருநெல்வேலி’ எனப்படும். தெற்கே ரேனியஸ் ஐயரின் காலத்திலேயே ஊர் ஊராகச் சபைகள் எழுந்திருக்க, வடக்கே சுவிசேஷம் அரிதாகவே எட்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வாளராயிருந்து, சர்ச் மிஷனெரி சங்கத்தின் சென்னைச் செயலாளராகப் பணியாற்றிய தாமஸ் ராக்லாந்து, அப்பதவியை விடுத்து, 1854ஆம் ஆண்டு பென், மெடோஸ் என்னும் இரு இளைஞருடன் இங்கே கூடார ஊழியத்தைத் தொடங்கினார். நிலையான பங்களாவோ பள்ளியோ இன்றி, கூடாரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை பெயர்த்து, ஊர்கள்தோறும் அறிவிப்பதே அவர்கள் முறை. 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ராக்லாந்து சிவகாசியில் காலமானார்.

இவ்வூழியத்தின் சிறப்பான கூறு ஒன்று பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தெற்கேயுள்ள தமிழ்ச் சபைகள் தம் உபதேசியாரை முறைவைத்து, தம் செலவில், மாதந்தோறும் இங்கு அனுப்பின. வட திருநெல்வேலி ஊழியம் ஆங்கிலேயரின் கூடாரங்களால் மட்டும் நடந்ததன்று. தெற்கத்திச் சபையாரின் காணிக்கையாலும் கால்நடையாலும் நடந்தது. பின்னாளில் சென்னையில் புகழ்பெற்ற சத்தியநாதன் ஐயரும் தம் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளை இங்கே கழித்தவரே. நடபடிகள் நூலில் காணும் திடப்படுத்தல், திரும்பிச் சென்று நிலைநிறுத்தும் பயணமாகிய திடப்படுத்தல், இம்மண்ணில் நிகழ்ந்தது இவ்வாறே.

சென்னை அத்தியட்சாதீனம் 1835ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் இரண்டாம் அத்தியட்சர் ஸ்பென்சர் 1840-41இல் திருநெல்வேலிச் சபைகளைச் சந்தித்துத் தம் பயணத்தை நூலாகவும் வெளியிட்டார். எனினும் சென்னையில் இருந்துகொண்டு தெற்கைப் பேணுதல் அரிதென உணரப்பட்டு, 1877ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கால்டுவெல்லும் சார்ஜென்டும் துணை அத்தியட்சர்களாகக் கல்கத்தாவில் அருட்பொழிவு பெற்றனர். அது தாது வருஷப் பஞ்ச காலம். பல்லாயிரவர் சபையை நாடி வந்த காலம். 1896ஆம் ஆண்டு மார்லி திருநெல்வேலியின் முதல் அத்தியட்சரானார். இவ்வாறு அத்தியட்சரின் கை அருகில் வந்தபோது, திடப்படுத்தல் ஆராதனை ஊர்த் திருநாளாக மலர்ந்தது. தோரணம், பவனி, வெண்ணாடை, முதல் நற்கருணை ஆகிய அனைத்தும் நம் பாட்டன்மார் பாட்டிமார் நினைவில் நின்றவை.

ஆனால் அத்திருநாளுக்குப் பின்னே நின்ற ஊழியம் வேறு. எழுத்தறியாத உழவருக்கும் கூலியாட்களுக்கும் உபதேசியார் ஒவ்வொரு மாலையும் விளக்கொளியில் ஒரு வரியைச் சொல்ல, அவர்கள் திரும்பச் சொல்லுவர். பெண்களுக்கு வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகச் சென்று போதித்தனர். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனைகள் ஆகிய மூன்றும் பல மாதங்களில் அவர்கள் நாவில் ஏறின. பதிவேட்டில் அத்தியட்சரின் பெயரும் திடம்பெற்றோர் எண்ணிக்கையும் எழுதப்பட்டன. உபதேசியாரின் பெயருக்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.

7. 1947: ஒரே பேராயத்தில் இரு வழக்கங்கள்

1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் விடுத்த அறிக்கையிலிருந்து தொடங்கிய ஐக்கிய முயற்சி, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவுற்றது. இடைப்பட்ட 28 ஆண்டுப் பேச்சுகளில் திடப்படுத்தலும் தீர்க்க வேண்டிய பொருள்களுள் ஒன்றாயிருந்தது. ஆங்கிலிக்கருக்கு அது அத்தியட்சரின் செயல். காங்கிரிகேஷனலாருக்கும் பிரஸ்பிற்றேரியருக்கும் மெதடிஸ்தருக்கும், விசுவாசத்தை அறிக்கையிடுவோரைச் சபை தன் போதகர் மூலம் ஏற்பதே போதுமானது.

இச்சிக்கல் வேறெங்கினும் தெளிவாக நம் பகுதியில் உருவெடுத்தது. புதிய மதுரை-இராமநாதபுரம் பேராயத்தில், 1834ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மிஷனால் வளர்ந்த மதுரைப் பகுதிக் காங்கிரிகேஷனல் சபைகளும், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய இடங்களின் ஆங்கிலிக்கச் சபைகளும் ஒன்றாக இணைந்தன. முன்னவர் அத்தியட்சரையே கண்டறியாதவர். பின்னவர் அத்தியட்சரின் கையின்றி நற்கருணையை எண்ணிப் பாராதவர். இருவருக்கும் முதல் பேராயராக வந்தவரோ ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனெரியாக 1936ஆம் ஆண்டு தமிழகம் வந்திருந்த லெஸ்லி நியூபிகின் என்னும் பிரஸ்பிற்றேரியர். அப்போது அவருக்கு வயது 37. தம் பேராயத்துச் சிற்றூர்ச் சபைகளைச் சந்தித்த அனுபவங்களை அவர் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட நாட்குறிப்பு நூலில் எழுதியுள்ளார்.

தென்னிந்தியத் திருச்சபை கண்ட தீர்வு எளியது. பேராயரின் திடப்படுத்தலை நற்கருணைக்குக் கட்டாய நிபந்தனையாக்கவில்லை, அதனைக் கைவிடவுமில்லை. 1950ஆம் ஆண்டு வெளியான ஆராதனை ஒழுங்கின் பெயரே இதனை விளக்கும். ஞானஸ்நானம் பெற்றோரைத் திருச்சபையின் முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளுதல் என்பது அதன் தலைப்பு. திடப்படுத்தல் என்பது வழக்கிலுள்ள பெயராகவே பின்னர்ச் சுட்டப்படுகிறது. பேராயரோ, போதகரோ அதனை நடத்தலாம். சிலர் இதனை ஐக்கியத்திற்காகச் செய்த சமரசம் என்றனர். நாம் இதுவரை கண்ட வரலாற்றின் ஒளியில், அது தமிழ்ச் சபையின் பழைய அனுபவத்திற்கு இசைந்த முடிவு எனல் தகும். தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் ஆரோனும் கோலாப் ஐயரும் செய்த பணியைத் திருச்சபை தன் ஒழுங்கிலேயே ஒப்புக்கொண்டது.

8. கத்தோலிக்கத் திருச்சபையின் புதுப்பித்தல்

நம் அயலாராகிய கத்தோலிக்கரும் இதே காலத்தில் தம் மரபை மீண்டும் ஆய்ந்தனர். 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கோட்பாட்டு விளக்கத்தில், ஆயரை உறுதிபூசுதலின் ‘மூலப் பணியாளர்’ என்று குறித்தது. திரெந்துச் சங்கத்தின் சொல்லைவிட இது கீழைத் திருச்சபைகளுக்கும் இடந்தருவது. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையின்படி, தைலம் பூசும்போது சொல்லப்படும் வாசகம் கீழைத் திருச்சபையின் பழைய வாசகத்தைத் தழுவி மாற்றப்பட்டது. கன்னத்தில் தட்டும் வழக்கம் புதிய ஒழுங்கில் இடம்பெறவில்லை. 1599இல் தோமாக் கிறிஸ்தவர் வெறுத்த செயலை இலத்தீன் திருச்சபையே விட்டுவிட்டது. அதிகாரம் பெற்ற குருக்களும் உறுதிபூசலாம் என்பதை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தெளிவுபடுத்துகின்றது. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஆயத்தத்தில் பங்கேற்க வேண்டும் என்பதும் வலியுறுத்தப்படுகிறது.

வேற்றுமை இன்னும் உண்டு. அவர்களுக்கு அது அருட்சாதனம். அதில் முதலாவது செயல்படுபவர் வரம் அருளும் தேவன். நமக்கோ அது பெரும்பாலும் இளைஞரின் உறுதிமொழியாகிவிட்டது. 1910ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கச் சிறுவர் ஏறத்தாழ ஏழு வயதிலேயே நற்கருணை பெறுவதால், உறுதிபூசுதல் அவர்களுக்குப் பந்தியின் வாயிலன்று. நம்மிடையே வாயிலாக இருப்பதால், அது தேர்வாகக் குறுகும் அபாயம் மிகுதி. நாம் அவர்களிடம் கற்க வேண்டியது, மனிதன் தரும் வாக்கிற்கு முன்னே தேவன் தரும் ஆவியானவரை வைக்கும் அந்த ஒழுங்கு. 1982ஆம் ஆண்டு லீமாவில் ஏற்கப்பட்ட உலகத் திருச்சபை மன்ற ஆவணமும், ஆவியானவரின் வரம் எச்சடங்கில் அடையாளம் பெறுகிறது என்பதில் சபைகள் வேறுபடினும், ஞானஸ்நானம் நீரிலும் ஆவியிலும் ஒன்றே என்பதில் அனைவரும் ஒன்றுபடுவதைச் சுட்டுகிறது.

9. இன்றைய ஊழியருக்கு

வரலாறு கூறும் முடிவு இதுவே: தமிழ் மண்ணில் கைவைத்தல் பல முறை வராதிருந்தது, கற்பித்தல் நின்ற இடத்திலேதான் சபை நின்றது. கற்பித்தல் மேலோட்டமாக இருந்த இடங்களில் கைவைத்தல் எத்தனை முறை வந்தும் பந்தி பிளவுபட்டது.

இன்று பேராயர் சில மணி நேரப் பயணத்தில் செட்டியார்பட்டிக்கும் வந்துவிடலாம். கைவைத்தலுக்குத் தட்டில்லை. தட்டுப்படுவது ஆயத்தமே. இப்பகுதி இளைஞர் இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சிவகாசியின் அச்சகங்களிலும் பட்டாசுத் தொழிலகங்களிலும், தையற்கூடங்களிலும் வேலை செய்கின்றனர். தொலைநகரக் கல்லூரிகளில் பயில்கின்றனர். முறை வேலை முடிந்து வரும் இளைஞனுக்குப் பேராயர் வருமுன் நான்கு ஞாயிறுகளில் வினாவிடைகளை ஒப்பிக்கச் செய்து, வெண்ணாடை அணிவித்து நிறுத்துதல் எளிது. ராக்லாந்தும் தெற்கத்தி உபதேசியாரும் அவன் இருக்குமிடத்திற்குக் கூடாரத்தைப் பெயர்த்துச் சென்றிருப்பார்கள். நம் வகுப்பின் நேரமும் இடமும் அவனுக்காகப் பெயரக் கூடாதா?

இரண்டாவதாக, ஆயத்தம் பந்திக்குரிய ஆயத்தமாக இருக்க வேண்டும். அயல் தெருவாரின் வீட்டில் உண்ணத் தயங்கும் வீட்டிலிருந்து ஒருவர் திடப்படுத்தலுக்கு வரும்போது, அவரிடம் கேட்கத்தக்க முதல் வினா பத்துக் கற்பனைகளின் வரிசையன்று. தஞ்சையில் கற்பிக்கத் தவறியதை நம் வகுப்புகளில் இன்னும் கற்பிக்காமலிருந்தால், நாம் வரலாற்றைப் படித்ததன் பயன் யாது?

மூன்றாவதாக, வகுப்பு திடப்படுத்தல் நாளோடு முடிதலாகாது. இங்கிலாந்துத் திருச்சபை 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, திடப்படுத்தப்படாத சிறுவரையும் நற்கருணையில் ஏற்க இடந்தருகின்றது. பெக்காமின் ஆணை அது பிறந்த நாட்டிலேயே தளர்ந்துவிட்டது. நாளை நம்மிடையேயும் பந்தியின் வாயில் சிறுவருக்குத் திறக்கப்படலாம். அப்போது திடப்படுத்தல் எதற்கு என்று கேட்பார்க்கு நாம் கூறத்தக்க விடை ஒன்றே. பவுல் லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் எதற்காகத் திரும்பிச் சென்றாரோ, அதற்காகவே.

ஹீபர் கைவைத்த தமிழரின் பெயர்களை நாம் இன்று எடுத்துச் சொல்வதில்லை. அவர்களைக் கற்பித்த உபதேசியாரின் பெயர்களும் அவ்வாறே. ஆயினும் அக்காலையில் அத்தியட்சர் கைவைக்கும்படி அங்கே தலைகள் குனிந்திருந்தன. அவற்றை ஆயத்தப்படுத்தும் ஊழியத்திற்கே இக்கல்லூரியிலிருந்து செல்லும் ஒவ்வொரு மாணவரும் அழைக்கப்பட்டிருக்கிறார்.